வாடகையில் சேர்ந்தவை

சாவியோடு தந்த பட்டியலில் இருந்தன:
ஒரு கட்டில், ஓடாத கடிகாரம்,
ஓவன் (இடது பக்கம் அதிகம் கருக்கும்),
மசாலா பாட்டில்கள், சில.

சில என்றால் பதினொன்று.
நீராவியில் சீட்டுகள் உரிந்து
பத்தும் பெயரிழந்து நின்றன.
பதினோராவதில் மட்டும்
சாய்ந்த நீல எழுத்தில்: க்மீனெக்.
எங்கள் நாட்டில் அது சீரகத்துக்குத் தம்பி முறை.
ரொட்டியிலும் முட்டைகோசிலும் கிடந்து
பல்லிடுக்கில் குடியேறும் விதை.

அக்டோபர், போஸ்னான் நகரம்.
டிராம் பணிமனையிலிருந்து
ஆறு மணிக்கு நான்கு பேர் வருகிறார்கள்.
இரண்டு கிலோ உருளை வாங்கியாயிற்று,
மஞ்சள் சதை, மண் உதிராத தோல்.
இந்த ஊர்க்காரர்களுக்குக் கிழங்கு வாட்டிப் போடுவது
கொல்லன் தெருவில் ஊசி விற்பது.
நானோ கடலோரத்திலிருந்து வந்தவள்,
எனக்கு மீன் தெரியும்.

மூக்கை நம்பி மூடிகளைத் திறந்தேன்.
முதல் பாட்டில் ஒரு தும்மல்,
வெள்ளை மிளகு தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டது.
இரண்டாவது ரோஸ்மேரி, கழுத்துவரை நிறைந்து:
யாரோ பரிசளித்து, யாரும் தொடாதது.
மூன்றில் சதகுப்பை, நிறம் போய், வைக்கோலாகி.
நான்கு ஏறக்குறைய காலி.
அடியில் ஒட்டியிருந்த சிவப்பை
ஈரவிரலால் எடுத்து நக்கினேன்.
மிளகாய்தான்,
ஆனால் விறகுப்புகையில் ஒரு குளிர்காலம் உட்கார்ந்திருந்த மிளகாய்.
ஓ, மனிதருக்குப் பிடித்தது இது.
தீர்த்த பாட்டில்தான் ஆளைச் சொல்லும்;
நிறைந்தவை எல்லாம் அடுத்தவர்களின் யோசனை.

ஐந்து, மரு.
ஆறு, பூண்டுத்தூள், கல்லாய் உறைந்தது;
கத்திமுனையால் பெயர்த்தேன்.
ஏழும் எட்டும் ஜாதிக்காய்,
இருப்பதை மறந்து மறுபடி வாங்கியது.
மற்ற இரண்டுக்கும் என்னிடம் பெயரில்லை, போகட்டும்.

கிழங்கைப் பாதி வேகவைத்து வடித்து
பானையை மூடிக் குலுக்கினேன்
ஓரமெல்லாம் சிராய்க்கும்வரை.
வாத்துக்கொழுப்பு. உப்பு. பூண்டு. மரு.
சிவப்பின் கடைசித் துகள்.
பிறகு, பெயருள்ள ஒரே பாட்டிலைச் சாய்த்தால்
விதை இல்லை.
சாம்பல்பச்சையில் ஏதோ இலைத்தூள்,
புதினா மாதிரி,
ஒரு வாரம் மழையில் விட்ட புதினா மாதிரி.
எழுதியவருக்குக் குழப்பம் என்று நினைத்தேன்.
ஆனது ஆகட்டுமென்று
தட்டின் வலது பாதிக்கு மட்டும் ஒரு சிட்டிகை.

ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன்.
தகரக் கூரையில் ஏதோ குதித்தது.
பழுப்பு நிறம், ஒரு காது கிழிசல்,
விலா எலும்பை எண்ணலாம்.
என்னைப் பார்க்கவில்லை, ஓவனைப் பார்க்கவில்லை,
நேரே மேசையேறி
அந்தப் பாட்டிலைத் தட்டிச் சாய்த்து
கன்னம் தேய்த்து
சிந்திய தூளில் புரண்டு புரண்டு
கத்தியது. பசியின் கத்தல் இல்லை அது.

எதிர்வீட்டு டோப்ரோஹ்னா பால்கனியிலிருந்து அலறினாள்:
"க்மீனெக்! அடப்பாவி,
ஐந்து வாரமாய் எங்கேடா தொலைந்தாய்!"

சீட்டில் இருந்தது
உள்ளே இருந்ததன் பெயரல்ல.
உரியவனின் பெயர்.

வீடு மாறிய அன்று கூடையிலிருந்து குதித்து ஓடியதாம்.
லெஸ்லாவ் இப்போது தங்கை வீட்டில், ஷ்செட்சினில்.
டோப்ரோஹ்னா கொடுத்த எண்ணில் அழைத்தேன்.
பூனை என்றதும்
அந்தப் பக்கம் நெடுநேரம் ஒன்றும் இல்லை,
யாரோ மூக்குறிஞ்சும் சத்தம் தவிர.
பிறகு கேட்டார்:
கொழுப்பு பொரிகிறதே, கிழங்கா?
ஆமாம்.
தட்டைத் திருப்பிவை, இடது பக்கம் கருகும்.
திருப்பினேன்.
ரோஸ்மேரி போட்டாயா?
இல்லை.
நல்லது. என் மைத்துனன் கொடுத்தது அது.
வேறென்ன போட்டாய்?

ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்,
வலது பாதியைத் தவிர.

ஞாயிறு ரயிலில் கூடையோடு வருகிறேன் என்றார்.
ஆறு மணிக்கு நால்வரும் வந்தார்கள்,
வலது பாதியைத்தான் முதலில் காலிசெய்தார்கள்.